எழுபதுக்கு வெளியே

இராயபுரம் புனித இராயப்பர் ஆலயத்தின் முன்றிலில் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கூட்டம் உடனே கலைந்து விடுவதில்லை. பெண்மக்கள் மீன் விலையைப் பேசி முடிக்கும் வரையில் ஆண்மக்கள் பந்தைப் பேசுவார்கள். நாடெங்கும் கிரிக்கெட்டு கொடிகட்டிப் பறந்தாலும், இராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால்பந்தின் மேலுள்ள காதல் குறைந்ததாக நமக்குத் தெரியவில்லை. வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்ற பட்டப்பெயரே உண்டன்றோ!

அண்மையில் ஒரு ஞாயிறன்று, பதினொன்றாம் எண் பொறித்த நீலச் சட்டையணிந்து ஒரு சிறுவன் வந்திருந்தான். அது சுனில் சேத்ரியின் எண். அதைக் கண்ட துறைமுகத் தொழிலாளி ஒருவர், "இவர் மட்டும் அன்றைக்கு லண்டனுக்குப் போயிருந்தால்..." என்று பெருமூச்செறிந்தார். அவ்வளவுதான், பற்றிக்கொண்டது விவாதம்.

நிகழ்ந்தது இதுதான். 2008 ஆகஸ்டு 13-ஆம் நாள் தில்லி அம்பேத்கர் விளையாட்டரங்கில் தஜிகிஸ்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் சேத்ரி மூன்று கோல் அடித்தார். 4-1 என வென்ற இந்தியா, 27 ஆண்டுகளுக்குப் பின் 2011-ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பையில் ஆடும் தகுதி பெற்றது. மறு ஆண்டில், லண்டன் மாநகரின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கழகம் மூன்றாண்டு ஒப்பந்தத்தோடு அவரை அழைத்தது. அப்போது இங்கிலாந்தின் இரண்டாம் தரப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்த கழகம் அது. கழகத்துக்குச் சம்மதம், வீரருக்கும் சம்மதம். ஆனால் பிரித்தானிய அரசு பணி அனுமதி தர மறுத்துவிட்டது. உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் தரவரிசையில் முதல் எழுபது நாடுகளுக்குள் இந்தியா இல்லை என்பதே காரணம்.

இளைஞர் ஒருவர் கொதித்தார். மணலிப் பக்கம் ஆலைகளில் ஒப்பந்த வேலை பார்ப்பவர். வேலை உள்ள நாட்கள் குறைவு, இல்லாத நாட்கள் அதிகம். "அந்தக் கழகத்தில் ஐந்தில் ஒரு பங்கு யாருடையது தெரியுமா ஐயா? லட்சுமி மிட்டலுடையது! இந்தியரின் பணம் உள்ளே போகலாம், இந்தியரின் கால் உள்ளே போகக் கூடாதாம்!" என்றார். செய்தி மெய்யே. மிட்டல் குடும்பத்தார் 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்பங்கை வாங்கியிருந்தனர்.

ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் இதற்கு உடன்படவில்லை. "வெள்ளையனைத் திட்டி என்ன பயன் தம்பி? 1999-இல் பைச்சுங் பூட்டியா போகவில்லையா? பரி கழகத்துக்காக ஆடவில்லையா? நாட்டில் நல்ல மைதானம் இல்லை, பயிற்சி இல்லை, வரிசையில் பின்னால் நிற்கிறோம். குற்றம் நம்முடையது" என்றார்.

பேச்சைக் கேட்டுக்கொண்டு கூடையோடு நின்ற அம்மையார் ஒருவர், "எழுபதுக்குள் வராத நாட்டுப் பிள்ளை அடித்தால் அது கோல் இல்லையா?" என்று கேட்டார். அன்று கேட்டவற்றுள் நம் நெஞ்சில் தைத்தது இந்தக் கேள்விதான். ஒருவன் பிறந்த இடத்தை வைத்து அவன் காலுக்கு மதிப்பெண் இடுவது எப்படி நியாயமாகும்? விண்ணப்பத்தில் வட சென்னை முகவரியைக் கண்டதும் நேர்காணல் செய்பவரின் முகம் மாறுவதை அறிந்த குடும்பங்கள் நம்மிடையே பல. அவர்களுக்குச் சேத்ரியின் கதை புதிதன்று.

ஆயினும், சட்டத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும் என நாம் எண்ணினோம். அயல்நாட்டு வீரர்களை விரும்பியவாறெல்லாம் கொண்டுவந்து குவித்தால், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆட இடமின்றிப் போகும் என்ற அச்சமே அவ்வேலிக்கு வேர். வருகிறவன் தேர்ந்தவனாக இருக்கட்டும் என்பதற்காக நாட்டின் இடத்தையும், ஈராண்டுகளில் அவன் தன் நாட்டுக்காக ஆடிய ஆட்டங்களின் அளவையும் பார்த்தார்கள். பின்னர், 2015-இல் எழுபது என்ற வரம்பை ஐம்பதாகவும் இறுக்கினார்கள். 2021 முதல் பல தகுதிகளுக்குப் புள்ளி இட்டுக் கூட்டும் முறை வந்திருக்கிறது. இந்தியாவோ 2023-இல் 99-ஆம் இடம் வரை ஏறிப் பார்த்துவிட்டு மீண்டும் சறுக்கியது.

இதை நாம் சொல்லிக்கொண்டிருக்கையில் பேச்சு எப்படியோ ஆலைவாசலுக்குத் திரும்பிவிட்டது. இங்கே எந்தப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். சற்றுமுன் இங்கிலாந்தின் மேல் சீறிய அதே இளைஞர், "பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்களை இறக்குகிறார்கள். குறைந்த கூலிக்கு நிற்கிறார்கள். உள்ளூர்க்காரனுக்குத்தான் முதலில் வேலை என்று சட்டம் போட வேண்டும்" என்றார்.

நாம் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "தம்பி, லண்டன்காரனும் இதைத்தானே சொன்னான்?" என்று கேட்டுவிட்டோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சேத்ரிக்கு அங்கே போகாவிட்டாலும் இங்கே சோறு உண்டு ஐயா. அவர் பெருமைக்காகப் போகிறார், நான் பிழைப்புக்காகக் கேட்கிறேன்" என்றார்.

இவ்விடையை எளிதில் தள்ள முடியவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து மீன்பாடு குறைந்ததைச் சுமப்பவர்கள் உள்ளூரார். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதிக் கரைக்கு வந்த எண்ணெயை வாளியால் அள்ளியதைக் கண்டோம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. புகையும் கசிவும் எம் பங்கு, கூலி வேறொருவர் பங்கா என்று கேட்பது பேராசையாகாது. லண்டன் வேலிக்கு இந்த நியாயம் கிடையாது.

ஆனால் திருவொற்றியூர்ச் சந்துகளில் ஓர் அறைக்குப் பத்துப் பேராகப் படுத்துறங்கும் அந்த வடநாட்டுப் பிள்ளைகளும் பெருமைக்காக வந்தவர்கள் அல்லரே! அவர்களைக் குறைந்த கூலிக்கு நிற்க வைத்தவர் யார்? சண்டை வாசலில் நிற்கும் இருவருக்கிடையே நடக்கிறது. கூலியை நிர்ணயித்தவர் உள்ளே இருக்கிறார்.

வேறொன்றும் நம் நினைவுக்கு வந்தது. 1940-களின் இறுதியிலும் 1950-களின் தொடக்கத்திலும் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் முன்வரிசையில் நின்ற ஐவரும் தென்னாட்டார்: அகமது கான், அப்பா ராவ், வெங்கடேஷ், தனராஜ், சாலே. 'பஞ்ச பாண்டவர்' என்றே வங்காளத்தார் அவர்களைக் கொண்டாடினர். அதே கழகத்துக்காக 2023 ஆகஸ்டு 12-ஆம் நாள் மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோலை அடித்து வெற்றி தந்தவர் நம் சென்னையின் நந்தகுமார் சேகர். நான்காண்டுகளுக்கு மேலாக அந்தப் போட்டியாளரை வெல்ல முடியாதிருந்த கழகம் அது. ஏதேனும் ஒரு வங்காளப் பிள்ளைக்கு அவர் இடம் கிடைக்காமற்போயிருக்கும். அப்பிள்ளை இன்று எந்த ஊரின் ஆலைவாசலில் நிற்கிறானோ!

சேத்ரி என்ன ஆனார் என்று கேட்டான் நீலச்சட்டைச் சிறுவன். 2010-இல் அமெரிக்காவின் கான்சஸ் நகரக் கழகத்திலும், 2012-இல் போர்த்துக்கல்லின் ஸ்போர்ட்டிங் கழகத்திலும் சேர்ந்தார். இரண்டிலும் நெடுநாள் நிலைக்கவில்லை. 2013-இல் பெங்களூருக் கழகத்துக்கு வந்தார். நாட்டுக்காக 94 கோல் அடித்து 2024 ஜூனில் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டே மீண்டும் களமிறங்கினார். "அப்படியானால் லண்டன்காரனுக்குத்தான் நட்டம்" என்று சிறுவன் தீர்ப்பளித்தான். ஆசிரியர் சிரித்துவிட்டார்.

கூட்டம் கலையும் வேளையில், மாலை ஆட்டத்துக்கு ஆள் சேர்ந்ததா என்று அந்த இளைஞரைக் கேட்டோம். பத்துப் பேர் உறுதியாம். கோல் காக்க ஒடிசாக்காரன் ஒருவன் வருவானாம். இரவு வேலை முடிந்து அவன் தூங்கி எழுந்தால்தான் ஆட்டமாம். நாம் அவர் முகத்தைப் பார்த்தோம்.

"அது வேறே ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.