கம்பெனியை நம்ப வேண்டாம், ஜீனை நம்புங்க

"கொலஸ்ட்ரால் எல்லாம் மருந்துக் கம்பெனி கட்டுக்கதை, மாத்திரையைத் தூக்கிப் போடுங்க"ன்னு யூடியூப்ல ஒரு கூட்டம். அதைக் கேட்டு, ஸ்டென்ட் வச்சவங்களே ஸ்டாடினை நிறுத்திட்டு கடத்தூர் பக்கமிருந்து ஓபிக்கு வர்றாங்க. கோபமாத்தான் எழுதுறேன்.

சரி, கம்பெனியை நம்ப வேண்டாம். பிறவியை நம்புவீங்களா?

பிசிஎஸ்கே9னு ஒரு ஜீன். கெட்ட கொழுப்பான எல்டிஎல்லை ரத்தத்துல இருந்து பிடிச்சு இழுக்கிற கல்லீரல் ஏற்பிகளை அழிக்கிற புரதத்தை அது தயாரிக்குது. அமெரிக்கக் கறுப்பின மக்கள்ல சிலருக்கு அந்த ஜீன் பிறவியிலேயே வேலை செய்யாது. 15 வருஷம் கவனிச்சு 2006ல வெளிவந்த ஆய்வு: அவங்களுக்கு எல்டிஎல் 28% கம்மி, மாரடைப்பு வகை இதயநோய் 88% கம்மி. இந்த வித்தியாசத்தை எந்தக் கம்பெனி செஞ்சுச்சு, சொல்லுங்க? இந்த மாதிரி ஆய்வுகளைப் பார்த்துதான் அந்தப் புரதத்தை அடைக்கிற ஊசியே 2015ல வந்துச்சு.

ஜீன் ஆய்வு கம்பெனிக்கு ஜால்ரான்னா இதையும் கேளுங்க. நல்ல கொழுப்பு எச்டிஎல்லை ஏத்துற டார்செட்ரபிப்னு ஒரு மருந்து. ஃபைசர் கோடி கோடியா கொட்டுச்சு. சோதனையில சாவு கூடிப்போய் 2006ல நிறுத்தினாங்க. 2012ல ஜீன் ஆய்வும் சொல்லிடுச்சு: பிறவியிலேயே எச்டிஎல்லை ஏத்துற ஜீன் மாற்றம் உள்ளவங்களுக்கு மாரடைப்பு குறையல.

உண்மையான குறை வேற. இந்த ஆய்வுகள்ல பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளி. நம்ம ஆளுங்க ரொம்பக் கம்மி. அதுக்கு சண்டை போடுங்க, நானும் வர்றேன்.

ஊசி விலை நமக்கு எட்டாது. அடோர்வாஸ்டாடின் அரசு ஆஸ்பத்திரியில இலவசம். 2023ல வந்த இதயம் காப்போம் திட்டத்துல, மாரடைப்பு அறிகுறியோட வந்தா ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே உடனே குடுக்கிற மூணு மருந்துல அதுவும் ஒண்ணு. அதைத்தான் தூக்கிப் போடச் சொல்றாங்க.