சாளைகளுக்கும் சரித்திரம் உண்டு

கோயம்புத்தூர் ஜில்லாவின் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரி மலைமீதேறி, கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் கட்டிக்கொண்ட வீடு, நெடுங்காலம் பாழடைந்து கிடந்து, பிற்பாடு செப்பனிடப்பெற்று, இன்று அவருடைய நினைவகமாக விளங்குகிறது. ஐரோப்பியக் காய்கறிகளை அம்மலையில் பயிரிடச் செய்து, அதன் விவசாய சரித்திரத்தையே திருப்பிவிட்டவர் அவர். ஆகவே அவ்வீட்டுக்குக் கிடைத்த கௌரவம் தகுதியானதே. 1868-இல் நீலகிரி தனி ஜில்லாவாகப் பிரிந்ததும் கோயம்புத்தூரிலிருந்தே. அப்படியிருக்க, மலைமேல் துரை கட்டிய வீட்டைப் பேணக் கற்ற நாம், அதே ஜில்லாவின் சமவெளியில் குடியானவன் தன் கிணற்றோரத்தில் எழுப்பிய தோட்டத்து வீடாகிய சாளையை ஏன் ஒரு பொருட்டாகக் கருதவில்லை என்பதே என் மனத்தை நெடுநாளாக வருத்தி வரும் கேள்வி.

மேற்குமலையின் மழை மறைவில் கிடப்பதும், ஆண்டுக்குச் சுமார் 25 அங்குல மழையோடு திருப்தியடைய வேண்டியதுமான கோவைப் பக்கத்துக் குடியானவன், பாறையைப் பிளந்து கிணறு தோண்டித்தான் தன் காட்டைத் தோட்டமாக்கினான். விடிவதற்கு நெடுநேரம் முன்பே, எருதுகளைக் கொண்டு கிணற்று நீர் இறைக்கும் கவலையைப் பூட்டியாக வேண்டும். இரவில் பயிருக்கும் பட்டி ஆட்டுக்கும் காவல் இருந்தாக வேண்டும். ஈன்ற மாட்டை விட்டு அகல முடியாது. இக்காரணங்களால் ஊருக்குள் இருந்த குடும்பங்கள் பல, கிணற்று மேட்டுக்கே குடிபெயர்ந்து சாளை போட்டுக்கொண்டன. சாளை கும்பினி ஆட்சியில் பிறந்ததன்று. ஆயினும் 1792-க்குப் பின் பாராமகாலில் கும்பினி அதிகாரிகளான ரீடும் மன்றோவும் வகுக்கத் தொடங்கி, பின்னர் மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய ரயத்துவாரி முறையினால், நிலம் உழவன் பேரிலேயே பதிவாகி, அவனே சர்க்காருக்கு நேராக வரி கட்டுபவனான காலத்தில், தன் பட்டா நிலத்தில் தானே கட்டிய வீட்டுக்குப் புதியதோர் உறுதி வாய்த்தது. அவ்வகையில் சாளையும், சல்லிவனின் வீட்டைப் போலவே, அந்த யுகத்தின் சாசனமாகும்.

எஞ்சியிருக்கும் பழஞ்சாளை ஒன்றினுள் நுழைந்து பாருங்கள். கிளுவை வேலியின் படலைத் திறந்தால் களம், களத்தைத் தாண்டினால் தாழ்வாரம், அதற்குள் ஆசாரம் என்னும் கூடம். தலைக்கு மேலே அட்டாலி என்னும் பரணில் தானியமும் விதையும், மூலையில் குதிர், ஒரு புறம் மாடு கட்டும் கட்டுத்தரை, படுத்த இடத்திலிருந்தே காளையின் மணியோசையைக் கேட்கும்படியான தூரத்தில். முழங்கை அகலமுள்ள மண்சுவர் சித்திரை வெயிலையும் உள்ளே விடுவதில்லை. பனையோலையும் நாட்டோடும் வேய்ந்திருந்த கூரைகள் பலவற்றின்மேல் மங்களூர் ஓடு ஏறியது எவ்விதமென்றால், 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதும், 1862-இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியே மேற்குக் கடற்கரைப் பேப்பூரை எட்டிவிட்ட இருப்புப்பாதையும், பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பாலிருந்த சரக்கை இப்பாலுக்குக் கொண்டுவந்ததனால்தான். ஆசாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், சட்டங்களுக்கிடையே ஓட்டின் அடிப்புறத்தில் அதைச் செய்த தொழிற்சாலையின் பெயர் ஆங்கில எழுத்துக்களில் அச்சாகியிருப்பதைப் படிக்கலாம். எழுத்தறியாத உழவனின் தலைக்கு மேல் உலக வியாபாரத்தின் முத்திரை இருந்ததென்பது எனக்கு வியப்பும் மகிழ்ச்சியும் தருவது.

இந்த மரபைப் பேசுகிறவர்கள் நிலவுடைமைக் குடும்பத்தின் பெருமையோடு நின்றுவிடலாகாது. கவலைச் சாலுக்குத் தோல் தைத்தும், பண்ணையாளாக இரவு பகலாய் உழைத்தும் அத்தோட்டத்தைத் தோட்டமாக்கிய அருந்ததிய மக்கள், அதே சாளையின் ஆசாரத்துக்குள் காலெடுத்து வைக்க அனுமதிக்கப்படவில்லை. சாளையைக் காப்பதானால், அவர்கள் வாழ்ந்த ஓலைக் குடிசையின் அமைப்பையும், அவர்கள் நிறுத்தப்பட்ட எல்லையையும் சேர்த்தே எழுதிவைக்க வேண்டும். அதை மறைத்து எழுதுவது சரித்திரமாகாது.

1932-இல் பைக்காரா மின்சாரம் வந்து, மோட்டார் பம்புகள் ஒவ்வொரு கிணறாக ஏறியபோது கவலை நின்றது, எருதுகள் குறைந்தன, பிள்ளைகள் மில்லுக்கும் கல்லூரிக்கும் போனார்கள். இதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. அந்த உழைப்பு எவ்வளவு கொடியதென்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். வருந்தத்தக்கது வேறு: தோட்டம் மனைகளாகப் பிரிக்கப்படும் நாளில், தூணும் நிலைக்கதவும் பழைய மரச்சாமான் வியாபாரியிடம் போக, சுவர் ஒரே பகலில் மண்ணாகி, கிணறு மூடப்பட்டுவிடுகிறது, அங்கே ஒரு வீடு இருந்ததென்பதற்கு ஒரு படம்கூட மிஞ்சுவதில்லை. 1942-இல் ஆர். சண்முகசுந்தரம் ‘நாகம்மாள்’ நாவலை எழுதி, கொங்குக் குடியானவரின் வாழ்வை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தார். அவ்வாழ்வு நடந்த வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கவென்று நம் சட்டமன்றம் 2012-இல் சட்டமே இயற்றியிருக்கிறது. ஆனால் பாரம்பரியம் என்றவுடன் கோயிலும் கோட்டையும் அரண்மனையும் பங்களாவுமே நம் நினைவுக்கு வருகின்றன. சாளைகள் அனைத்தையும் இடியாமல் நிறுத்த வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கடன்பட்டு நிலத்தை விற்கும் விவசாயியின் கையைக் கட்டுவது அநியாயம். நூறாண்டு கடந்த சாளை இடிபடுமுன், அதன் அளவும் படமும் அதைக் கட்டியவர், வாழ்ந்தவர், உழைத்தவர் பற்றிய விவரமும் ஊராட்சியில் பதிவாக வேண்டுமென்று விதி செய்யலாம். அந்த வேலையைக் கட்டடக்கலை மாணவர்களிடம் ஒப்படைக்கலாம். விருப்பத்தோடு பேணுகிற உரிமையாளருக்கு வீட்டுவரியை நீக்கி, மண்சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் அறிந்த கொத்தனாரின் கூலியில் ஒரு பங்கைச் சர்க்கார் ஏற்கலாம். கோவையிலேயே, நூறாண்டுக்கு மேலாக உழவைக் கற்பித்து வருகிற வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரந்த நிலத்தில், இடிபடவிருக்கும் சாளை ஒன்றைப் பிரித்துக் கொண்டுவந்து, கட்டுத்தரையும் களமும் கவலையும் பண்ணையாள் குடிசையும் உடன்சேர நிறுவுவது பெருஞ்செலவுள்ள காரியமன்று. கவலை ஓட்டிய கைகள் இன்னும் சில கிராமங்களில் இருக்கின்றன. அவர்களைக் கேட்டுக் கட்ட வேண்டுமாதலால், இவ்வேலையை இந்த ஆண்டிலேயே தொடங்கவேண்டும்.