கலியாணப் பரிசாக வந்த இரு வண்டிகள்

கலியாணம் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது கொடுக்கல் வாங்கற் கணக்கே. காணி எவ்வளவு, வீடு எங்கே, நகை எத்தனை பவுண் என்று இரு பகுதியாரும் பேசி முடித்த பின்னரே நாள் பார்க்கப்படுகின்றது. மணமக்கள் இருவரும் பின்னாளில் எதனைச் சேர்ந்து செய்து மகிழ்வார்கள் என்ற கேள்வி அக்கணக்கில் இடம்பெறுவதே இல்லை. அக்கேள்விக்கு நல்விடையாய் அமைந்த ஒரு கலியாணத்தைப் பற்றி இவ்வாரம் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1895ஆம் ஆண்டு யூலை மாதம் 26ஆம் திகதி, பாரிஸ் மாநகரை அடுத்துள்ள ஸோ என்னும் ஊரின் நகர மண்டபத்திலே அது நிகழ்ந்தது. மணமகன் பியேர் கியூரி, 36 வயதான பௌதிக ஆசிரியர். மணமகள் மரியா ஸ்க்லொடொவ்ஸ்கா, போலந்து தேசத்திலிருந்து கல்வி கற்க வந்தவர், வயது 27. பின்னாளில் மேரி கியூரி என உலகம் போற்றிய அம்மையார் இவரே. அன்று மோதிரம் மாற்றவில்லை. மணப்பெண் வெண்ணிற ஆடை உடுக்கவுமில்லை. உடை வாங்கித் தர முன்வந்தவரிடம், பின்னர் ஆராய்ச்சிசாலைக்கும் அணிந்து செல்லத்தக்க கருநிற உடையே போதும் என்று அவர் கேட்டுக்கொண்டாராம். சீதனமெனக் கொண்டுவரத்தக்க செல்வமும் அவரிடம் இருந்ததில்லை. உறவினர் ஒருவர் பரிசாக அனுப்பிய பணத்தைக் கொண்டு தம்பதிகள் வாங்கியவை இரண்டு துவிச்சக்கர வண்டிகள்.

துவிச்சக்கர வண்டி அக்காலத்திற் புதுமைப் பொருள். முன்னே பெருஞ்சில்லும் பின்னே சிறுசில்லுமாய் அமைந்த பழைய வண்டியில் நீண்ட பாவாடை உடுத்த பெண்கள் ஏறுவது இயலாத காரியம். 1885இல் இங்கிலாந்தில் ஸ்ராளி என்பவர் இரு சில்லுகளும் ஏறக்குறைய ஒரே அளவினதாய், பின்சில்லைச் சங்கிலி இழுக்கும் வண்டியைச் செய்தார். 1888இல் டன்லொப் காற்றடைத்த ரயரை அமைத்தார். இவ்விரண்டும் கூடியதனாலேயே சாதாரண குடும்பத்து ஆணும் பெண்ணும் அருகருகே நெடுந்தூரம் செல்வது சாத்தியமாயிற்று. பெண்ணொருத்தி வண்டியேறுவதைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் ஐரோப்பாவிலும் பலர் இருந்தனர். மேரி அவர்களைப் பொருட்படுத்தினாரல்லர்.

தேனிலவுப் பயணமே வண்டியில் நடந்தது. பின்னே கட்டிய மூட்டையில் சில உடுப்புகள். மழைக்கென இரண்டு நீண்ட இரப்பர் அங்கிகள். பசித்த இடத்திற் பாணும் பாற்கட்டியும் பழமும். இருட்டிய இடத்தில் முன்பின் அறியாத ஒரு விடுதி. பாரிசைச் சூழ்ந்த காடுகளையும் பிரித்தானி மாகாணத்தின் கடற்கரைகளையும் இவ்வாறே கண்டனர். ஒருநாள் குளக்கரையில் இளைப்பாறிக்கொண்டிருந்த மேரியின் கையில், பியேர் உயிருள்ள தவளையொன்றை வைத்துவிட்டாராம். அம்மையார் அலறினார். இவ்வளவு அழகிய பிராணிக்கு ஏன் அஞ்சவேண்டுமென்று அவருக்கு விளங்கவேயில்லை! இக்கதையை அவர்களுடைய இளைய மகள் ஈவ், 1937இல் வெளியிட்ட தாயாரின் வாழ்க்கை வரலாற்றிலே சொல்லுகிறார்.

பியேர் இளமையிற் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். வைத்தியரான தந்தையாரே வீட்டில் வைத்துக் கற்பித்தார். காடும் வயலும் அவருக்குப் பாடப் புத்தகங்களாயின. மேரியும் போலந்தின் நாட்டுப்புறத்தில் ஓராண்டு உறவினரோடு ஆடியோடித் திரிந்த இன்பத்தை மறவாதவர். ஆகவே வெளியுலகை நாடும் ஆசையை ஒருவர் மற்றவருக்குப் புகட்ட வேண்டியிருக்கவில்லை. இருவரிடமும் முன்னரே இருந்த ஆசைக்கு வண்டிகள் வழிசெய்து கொடுத்தன.

1896ஆம் ஆண்டுக் கோடையில், மேரி ஆசிரியப் பரீட்சையில் முதலிடம் பெற்ற மகிழ்ச்சியோடு ஓவேர்ன் மலைநாட்டுக்குப் புறப்பட்டார்கள். ஒரு நாள் ட்ருயேர் ஆற்றின் பள்ளத்தாக்கிலே மாலைப்பொழுது மயங்கிற்று. ஆற்றோடு இறங்கிச் சென்ற சிறு படகொன்றிலிருந்து நாட்டுப்பாடல் மெல்ல மெல்லத் தேய்ந்து மறைய, அதில் மயங்கி நேரத்தை மறந்துவிட்டனர். தூரத்தைக் கணக்கிட்டதிலும் பிழை. விடியுமுன் விடுதி சேர முடியாதென்று தெரிந்தது. வழியிலே எதிர்ப்பட்ட வண்டில்களின் குதிரைகள் துவிச்சக்கர வண்டிகளைக் கண்டு மிரளவே, இருவரும் தெருவை விட்டு இறங்கி உழுத வயல்களினூடே நடந்தனர். மீண்டும் மேட்டுநிலத்தை அடைந்தபோது எங்கும் நிலவு. பட்டியிற் கிடந்த பசுக்கள் எழுந்து வந்து, அமைதி நிறைந்த பெருவிழிகளால் அவர்களை உற்று நோக்கினவாம். அணுவை ஆராய்ந்த இரு பேரறிஞர்கள் கணக்கிற் பிழைவிட்டு வயலில் நின்ற அந்த இரவை எண்ணும்போது நமக்குப் புன்னகை அரும்புகின்றது.

ஓரிடத்திலே தங்கி ஓய்வெடுப்பது பியேருக்குப் பொருந்தாது. சில நாள் சென்றதும், நாம் ஒன்றும் செய்யாது நெடுநாளாயிற்றே என்று மனம் சஞ்சலப்படத் தொடங்குவார். நாள்தோறும் இடம் மாறிச் செல்லும் வண்டிப் பயணமே அவருக்கு உவப்பாயிருந்தது. 1897இல் மேரி எட்டு மாதக் கர்ப்பிணியாயிருந்த போதும் பிறெஸ்ற் துறைமுகம் நோக்கி வண்டியிற் புறப்பட்டுவிட்டார்கள்! தமக்கு ஒரு குறையுமில்லையென்று மனைவி சொல்ல, கணவர் நம்பிவிட்டார். இதனை நாம் எவருக்கும் சிபாரிசு செய்யமாட்டோம். பயணத்தை இடைநிறுத்திப் பாரிசுக்குத் திரும்ப நேர்ந்தது. செப்டெம்பர் 12ஆம் திகதி மூத்த மகள் ஐரீன் பிறந்தார்.

மறு ஆண்டில் அவர்கள் பொலோனியம், ரேடியம் என்னும் இரு மூலகங்களைக் கண்டறிந்தனர். மழை ஒழுகும் கொட்டகையொன்றிலே தொன் கணக்கான கனிப்பொருளைக் காய்ச்சி வடித்து, 1902இல் ஒரு கிராமின் பத்திலொரு பங்கு ரேடியம் குளோரைட்டைப் பிரித்தெடுத்த வரலாறு மாணவர்கள் அறிந்ததே. 1903இல் நோபல் பரிசை ஹென்றி பெக்கரலோடு பகிர்ந்து பெற்றனர். உழைப்பினாற் கெடாத அவர்களுடைய பொழுதைப் புகழ் கெடுத்தது. பத்திரிகையாளர்களும் கையொப்பம் கேட்போரும் வீட்டு வாயிலை மொய்த்தனர். காலம் வீணாகின்றதே என்று பியேர் நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் நொந்துகொண்டார். கடுமையான மூட்டு நோவும் களைப்பும் அவரை வாட்டத் தொடங்கின.

1906ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம், ஈஸ்டர் விடுமுறை. செவ்ரேஸ் பள்ளத்தாக்கிலுள்ள சென் ரெமி என்னும் கிராமத்திற் குடும்பத்தோடு சில நாட்கள் கழித்தனர். எட்டு வயது ஐரீன் சிறு வலையோடு வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்தியோட, தாயும் தந்தையும் புல்வெளியிற் சாய்ந்திருந்து பார்த்தார்கள். திங்கட்கிழமை மாலை, அங்கு பறித்த பூங்கொத்தொன்றைக் கையிலேந்திப் பியேர் பாரிசுக்கு ரயிலேறினார். வியாழக்கிழமை 19ஆம் திகதி, மழையில் நனைந்த பாரிஸ் தெருவொன்றைக் கடக்கையில், பாரமேற்றிய குதிரை வண்டிலொன்றின் கீழ் அகப்பட்டு அவ்விடத்திலேயே உயிர் நீத்தார். மணமாகிப் பதினொரு ஆண்டும் நிறைந்திருக்கவில்லை.

மேரி அம்மையார் கணவரின் இடத்தை ஏற்று, சோர்போன் பல்கலைக்கழகத்திற் கற்பித்த முதற் பெண்மணியானார். 1911இல் இரண்டாவது நோபல் பரிசையும் பெற்றார். தம் பெண்மக்கள் இருவரையும் நீந்தவும் வண்டியோடவும் பழக்கினார். 1923இல் கணவரின் வாழ்க்கையை ஒரு சிறு நூலாக எழுதி வெளியிட்டார். ஒரு விஞ்ஞானியைப் பற்றி மற்றொரு விஞ்ஞானி எழுதிய நூல் அது. ஆயினும் கொம்பியேன் காட்டின் வசந்தகாலப் பூக்களுக்கும், பிரித்தானியின் புதர்ச்செடி வெளிகளுக்கும், நாம் மேலே கூறிய நிலவிரவுக்கும் அந்நூலில் இடம் ஒதுக்கியிருக்கிறார். அவ்விரவு கழிந்து 27 ஆண்டுகள் சென்றிருந்தன. அருகே வண்டியோட்டி வந்தவர் மறைந்து 17 ஆண்டுகள். பசுக்களின் விழிகளை அவர் மறக்கவில்லை.

வேலை முடிந்தபின் எஞ்சும் பொழுதிலே சேர்ந்திருக்கலாம் என்று பலரும் நினைக்கிறோம். கியூரி தம்பதிகளைக் காட்டிலும் அதிக வேலையுடையவர்கள் நம்மில் எவருமிலர். அவர்கள் எஞ்சும் பொழுதுக்காகக் காத்திருந்திருப்பின், மேரியின் நூலில் எழுதுவதற்கு அந்த நிலவு இருந்திராது.

நம் வீட்டு விறாந்தையிலும் ஒரு துவிச்சக்கர வண்டி சாத்தியிருக்கக்கூடும். கடைக்கும் கந்தோருக்கும் மட்டுமே அது ஓடிக்கொண்டிருக்கின்றது. மாரி தொடங்குமுன் ஒருநாள் மாலை, பண்ணைக் கடலோரமோ, மட்டக்களப்பு வாவிக்கரையோ, அயலூர் வயல்வெளியோ, கணவனும் மனைவியுமாய் ஒருமுறை போய் வாருங்கள். வழி பிசகி நேரம் தாழ்ந்தால் அதற்காக வருந்த வேண்டாம்.