தொண்ணூறு நிமிஷ வகுப்பு

பள்ளிக்கூடத்தில் எத்தனை நிமிஷத்துக்கு ஒரு முறை மணி அடிக்க வேண்டும்? இது தலைமை ஆசிரியர் பார்த்துக்கொள்ள வேண்டிய சில்லறை விஷயம் என்றுதான் தோன்றும். ஆனால் அமெரிக்காவில், சர்க்கார் பணத்தில் கட்டணமின்றி நடக்கும் உயர்நிலைப் பள்ளிகளில், முப்பது வருஷங்களுக்கு மேலாக இந்த ஒரு கேள்வியைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் நிர்வாகங்களும் வாதாடி வருகிறார்கள். ஷிப்டு முறை மாறினால் வேலைப்பளு எப்படி மாறும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள் நமது வாசகர்கள். ஆகவே இந்த வழக்கை அவர்கள் முன் வைக்கிறோம்.

அங்கே பழைய முறையில் ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு 6 அல்லது 7 பீரியடு. ஒவ்வொன்றும் சுமார் 50 நிமிஷம். வருஷத்தில் ஏறக்குறைய 180 நாட்களும் அதே பாடங்கள் தினமும் வரும். புதிய முறையில் நாளுக்கு நான்கே வகுப்பு. ஒவ்வொன்றும் 90 நிமிஷம். 'பிளாக்' முறை என்பது இதன் பெயர். இதில் இரண்டு தினுசு உண்டு. எட்டுப் பாடங்களை நான்கு நான்காகப் பிரித்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடத்துவது ஒன்று. நான்கு பாடங்களைத் தினமும் நடத்தி அரை வருஷத்தில் முடித்துவிட்டு, அடுத்த அரை வருஷத்தில் வேறு நான்கைத் தொடங்குவது மற்றொன்று. 1994ல் அமெரிக்கப் பாராளுமன்றம் அமைத்த ஒரு கமிஷன் 'காலத்தின் கைதிகள்' என்ற தலைப்பில் அறிக்கை வெளியிட்டு, பள்ளிகள் கடிகாரத்துக்கு அடிமைப்பட்டுக் கிடக்கின்றன என்று சாடியது. அந்தப் பத்தாண்டில் பிளாக் முறை வேகமாகப் பரவிற்று.

கடிகாரத்துக்குப் பள்ளியை அடிமையாக்கியவர்கள் யார்? எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னெகி 1901ல் தன் ஆலைகளை விற்றுவிட்டு, 1905ல் கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் வழங்க ஒரு ஸ்தாபனம் அமைத்தார். அந்தப் பணம் வேண்டுமானால் கல்லூரிகள் ஒரு நிபந்தனைக்கு இணங்க வேண்டும். உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு வருஷத்தில் 120 மணி நேரம் உட்கார்ந்தால் அது ஒரு 'யூனிட்'. இப்படி 14 யூனிட் சேர்த்தவர்களையே கல்லூரியில் சேர்க்க வேண்டும். மாணவன் என்ன கற்றான் என்பதல்ல, எவ்வளவு நேரம் உட்கார்ந்தான் என்பதே கணக்கு. (இதே கார்னெகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில், 1892ல் கூலிக் குறைப்பை எதிர்த்து நின்ற தொழிலாளர்கள் மேல் துப்பாக்கி ஏந்திய கூலிப்படை ஏவப்பட்டதை உலகத் தொழிலாளி வர்க்கம் மறக்கவில்லை.)

ஆகவே, நேரத்தைத் துண்டு போட்ட பழைய முறைக்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. பிளாக் முறையின் நன்மைகளை மனம் விட்டு ஒப்புக்கொள்வோம். ரசாயன வகுப்பை நினைத்துப் பாருங்கள். 50 நிமிஷத்தில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்து, ஆஜர் எடுத்து, கண்ணாடிக் குழாய்களைக் கழுவி, அடுப்பைப் பற்றவைப்பதற்குள் பாதி நேரம் போய்விடும். திரவம் நிறம் மாறப் போகிற சமயத்தில் மணி அடிக்கும்! தச்சுப் பட்டறையிலும் கடைசல் யந்திரத்திலும் இதே கதிதான். ஒன்றரை மணி நேரம் இருந்தால் சோதனையைத் தொடங்கி, முடித்து, ஏன் அப்படி நடந்தது என்று பேசவும் முடியும். ஒரு பாடத்தில் தோற்ற பிள்ளை ஒரு வருஷம் காத்திராமல், அடுத்த அரை வருஷத்திலேயே அதை மறுபடி படிக்கலாம். ஆசிரியருக்கும் ஒரே சமயத்தில் 150 முகங்களுக்குப் பதில் 90 முகங்கள்தான்; பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். இவையெல்லாம் மெய்யான ஆதாயங்கள்.

ஆனால் ஆசிரியர் பழையபடி பேசிக்கொண்டே இருந்தால் 90 நிமிஷம் தண்டனையாகிவிடும். நமது பொதுக் கூட்டங்களிலேயே ஒன்றரை மணிப் பிரசங்கம் என்றால் பெரியவர்கள் பீடி பற்றவைக்க வெளியே போய்விடுகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளை எங்கே போவான்?

இனி நஷ்டக் கணக்கைப் பார்ப்போம். 50 நிமிஷ வகுப்பு 180 நாள் நடந்தால் ஒரு பாடத்துக்கு 9,000 நிமிஷம், அதாவது 150 மணி. 90 நிமிஷ வகுப்பு 90 நாள் நடந்தால் 8,100 நிமிஷம், 135 மணி. ஒவ்வொரு பாடத்திலும் 15 மணி நேரம் மாயமாய் மறைந்துவிட்டது! இரண்டுமே 120க்கு மேல் இருப்பதால், கார்னெகியின் தராசில் குறை தெரியவே தெரியாது. கணக்கும் அந்நிய மொழியும் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டியவை. முதல் அரை வருஷத்தில் கணக்கை முடித்த மாணவன், அடுத்த கணக்குப் பாடத்தைத் தொடுவதற்குள் ஒரு வருஷம்கூட ஓடிவிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பத்தாம் வகுப்பு மாணவர்களின் விஞ்ஞானத் தேர்வை ஆராய்ந்து 1990ல் வெளியிட்ட முடிவில், அரை வருஷத்தில் முடித்தவர்களைவிட வருஷம் முழுதும் படித்தவர்களே மேலாக இருந்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் விஞ்ஞானம் படிக்கும் ஆயிரக்கணக்கான மாணவர்களைக் கேட்டு 2006ல் வெளிவந்த ஆராய்ச்சியிலும், பள்ளியில் பிளாக் முறையில் படித்ததால் பெரிய அனுகூலம் எதுவும் காணப்படவில்லை.

இந்த நஷ்டம் எல்லாப் பிள்ளைகள் மேலும் சமமாக விழுவதில்லை. டெக்ஸாஸின் தென்கோடியிலிருந்து பயிர் விளையும் திசையெல்லாம் வடக்கே பெயர்ந்து போகும் விவசாயக் கூலிக் குடும்பங்கள் அமெரிக்காவில் உண்டு. வசந்த காலத்தில் பள்ளி முடியுமுன்பே கிளம்பி, இலையுதிர் காலத்தில் பள்ளி திறந்த பின்பு திரும்புவார்கள். இவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கென்று 1966லேயே தனி உதவித் திட்டம் போட வேண்டி வந்தது. வருஷ முறையில் இரண்டு வாரம் தவறினால், அதாவது 10 பள்ளி நாட்கள் போனால், பதினெட்டில் ஒரு பங்கு பாடம் போகும். அரை வருஷ முறையில் ஒன்பதில் ஒரு பங்கு போகும். பாதியில் ஊர் மாறினாலோ, பழைய பள்ளியில் பாதி முடித்த பாடம் புதிய பள்ளியில் அந்த அரை வருஷம் நடக்காமலே இருக்கலாம். அத்தனை உழைப்பும் வீண்! முடித்த பகுதிக்காவது கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற உரிமை கலிபோர்னியாவில் இந்தக் கூலிகளின் பிள்ளைகளுக்குச் சட்டத்தில் கிடைத்தது 2018ல்தான். அறுப்புக்கும் நடவுக்கும் பிள்ளை குட்டிகளோடு ஊர் ஊராகப் போகும் நமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் பக்கம் வருவோம். மாதிரிக்கு ஒரு கணக்கு. வகுப்புக்கு 30 பிள்ளைகள். பழைய முறையில் 7 பீரியடில் 5 நடத்துகிறார்: 250 நிமிஷம், வருஷத்துக்கு 150 மாணவர்கள். புதிய முறையில் 4 வகுப்பில் 3 நடத்துகிறார்: 270 நிமிஷம். ஒரு சமயத்தில் 90 பேர்தான், ஆனால் அரை வருஷம் கழித்து வேறு 90 பேர் வருவார்கள். மொத்தம் 180! தினமும் 20 நிமிஷம் கூடுதல் வேலை, வருஷத்துக்கு 60 மணி. பாடம் தயாரிக்கவும் நோட்டுத் திருத்தவும் கிடைத்த 100 நிமிஷம் 90 ஆகிவிட்டது. சம்பளமோ பழைய சம்பளம்.

1,500 பிள்ளைகள் உள்ள பள்ளியில் பழைய முறைக்கு 70 ஆசிரியர்கள் வேண்டும். புதிய முறையில் பிள்ளைக்கு 7 பாடத்துக்குப் பதில் 8 பாடம் கொடுத்த பிறகும் 67 பேர் போதும். பாடம் கூடிற்று, ஆள் குறைந்தது! இரண்டு சைடு பார்த்த தொழிலாளியை நான்கு சைடு பார்க்கச் சொன்ன மில் நிர்வாகமும் இப்படித்தான் காகிதத்தில் கணக்குப் போட்டது. அதற்கு அது வைத்த பெயர் 'நவீனமயம்'. வேலைப்பளுவுக்கு உடன்படிக்கையில் வரம்பு கட்டி, கூடுதல் ஆசிரியர்களைச் சேர்த்த இடங்களில் பிளாக் முறை வேறு விஷயம். பட்ஜெட்டில் துண்டு விழும்போது திடீரென்று கல்வி ஞானம் பிறக்கும் நிர்வாகங்களைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம்.

சந்தேகத்துக்குச் சரித்திர ஆதாரம் உண்டு. 'யு.எஸ். ஸ்டீல்' கம்பெனி 1906ல் இண்டியானா மாகாணத்தில் ஓர் ஆலை நகரத்தை எழுப்பி, தன் தலைவரின் பெயரையே சூட்டி 'கேரி' என்றது. அவ்வூர்ப் பள்ளிகளின் தலைவர் வில்லியம் வர்ட் ஓர் ஏற்பாடு செய்தார். பாதிப் பிள்ளைகள் வகுப்பில் படிக்கும்போது மற்றப் பாதி பட்டறையிலும் விளையாட்டு மைதானத்திலும் மண்டபத்திலும் இருப்பார்கள்; பிறகு இடம் மாறிக்கொள்வார்கள். பட்டறையும் மைதானமும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது நல்லதே. ஆனால் நியூயார்க் மேயர் மிட்செலின் நிர்வாகத்தை இதில் கவர்ந்தது வேறு: ஒரே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகளை அடைக்கலாம்! வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர் குடியிருப்புகளில் ஆத்திரம் மூண்டது. எங்கள் பிள்ளைகளை ஆலைக் கூலிகளாகவே வார்க்கப் பார்க்கிறார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். 1917 அக்டோபரில் பிள்ளைகளே தெருவில் இறங்கினார்கள். நவம்பர் தேர்தலில் மிட்செல் தோற்றார். புதிய மேயர் ஹைலன் திட்டத்தைக் கைவிட்டார்.

சென்னை ராஜ்யத்திலும் 1953ல் ராஜாஜி மந்திரிசபை கிராம ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தை 3 மணியாகக் குறைத்து, பிள்ளைகளை இரண்டு அணியாக்கி, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகச் சொல்லிற்று. அதே ஆசிரியர், அதே கட்டடம், இரு மடங்கு பிள்ளைகள். குலக் கல்வித் திட்டம் என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். 1954ல் காமராஜ் முதலமைச்சரானதும் அது ரத்தாயிற்று. பிளாக் முறை இதுவல்ல. சாதித் தொழில் திணிப்பும் அதில் இல்லை. ஆசிரியரைச் சேர்க்காமல், கடிகாரத்தைத் திருப்பியே கல்வியைப் பெருக்கிவிடலாம் என்ற ஆசை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆகவே, நீண்ட வகுப்பு நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. சோதனைச் சாலைக்கும் பட்டறைக்கும் 90 நிமிஷம் கொடுக்கட்டும். கணக்கையும் மொழியையும் வருஷம் முழுதும் தினமும் நடத்தட்டும். ஓர் ஆசிரியருக்கு வருஷத்துக்கு 150 மாணவர்களுக்கு மேல் இல்லை என்று எழுத்தில் தரட்டும். பாதியில் ஊர் பெயரும் கூலிக்காரரின் பிள்ளை படித்த பாதிக்கு எல்லா மாகாணங்களிலும் பாதிக் கணக்குத் தரட்டும். புதிய கால அட்டவணையைப் பள்ளிச் சுவரில் ஒட்டும் அன்றே, பழைய ஆசிரியர் பட்டியலையும் புதிய ஆசிரியர் பட்டியலையும் பக்கத்தில் ஒட்டட்டும். பெற்றோர் எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள்.