வெதர்ஸ்பூன் க்விஸ்ஸில் 17/20 வாங்கிய கடுப்பில்...

போன வாரம் வகுப்பு நண்பர்கள் சேர்ந்து ஒரு க்விஸ் நடத்தினார்கள். தலைப்பு: வெதர்ஸ்பூன். மொத்தம் இருபது கேள்வி. எனக்கு பதினேழு மார்க், இரண்டாவது இடம். பரிசாக ஒரு சாக்லேட்டும் கொடுத்தார்கள். அதைத் தின்றுகொண்டே அறைக்கு நடந்து வரும்போதுதான் ஒரு கடுப்பு வந்தது. அதை இங்கே கொட்டிவிடுகிறேன். கேள்வி தயாரித்த மகானுபாவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும் :-)

முதலில் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஜே.டி. வெதர்ஸ்பூன் என்பது பிரிட்டனில் சுமார் 800 கிளைகள் வைத்திருக்கும் பப் நிறுவனம். பப் என்றதும் நம்ம சினிமாவில் காட்டுகிற இருட்டு, லேசர் விளக்கு, காது கிழியும் பாட்டு எல்லாம் ஞாபகத்துக்கு வந்தால் அழித்துவிடுங்கள். இவர்களுடைய பெரும்பாலான கிளைகளில் பாட்டே கிடையாது. காலையில் போனால் ஓய்வு பெற்ற தாத்தாக்கள் காபி குடித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். விலை மலிவு, இடம் பெரிசு. மாணவர்கள் மொய்ப்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

சரி, க்விஸ்ஸுக்கு வருவோம். என்ன கேட்டார்கள்? முதல் பப் எங்கே திறந்தார்கள்? (வடக்கு லண்டன், மஸ்வெல் ஹில், 1979.) தலைமை அலுவலகம் எந்த ஊர்? (வாட்ஃபோர்டு.) பங்குச் சந்தைக்கு எப்போது வந்தது? (1992.) எந்தக் கிளை முன்பு ஓபரா அரங்கமாக இருந்தது? எது வங்கியாக இருந்தது? இருப்பதிலேயே பெரிய கிளை எது? தரைவிரிப்பு பற்றி மட்டும் இரண்டு கேள்வி! ஒவ்வொரு கிளைக்கும் தனி வடிவமைப்பில் கார்பெட் போடுகிறார்கள். அதை வைத்து 2016-ல் கிட் கேலஸ் என்பவர் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். அழகுதான், மறுக்கவில்லை.

ஆனால் இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? கம்பெனியின் சுவரிலிருந்து. ஒவ்வொரு கிளையிலும் அந்தக் கட்டடத்தின் பழைய கதை, ஊரின் பழைய படங்கள் எல்லாம் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். கம்பெனி இணையதளத்திலும் கிளைவாரியாக அந்த வரலாறு உண்டு. நம்ம ஆட்கள் அதை எடுத்து, கடைசியில் ஒரு கேள்விக்குறி போட்டு, நம்மிடமே நீட்டிவிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், ஒரு கம்பெனி தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பியதை நாங்கள் இருபது பேர் உட்கார்ந்து மனப்பாடம் செய்து ஒப்பித்திருக்கிறோம். விளம்பரத்துக்குக் காசு கொடுக்காமலேயே இப்படி ஒரு சேவை!

"க்விஸ்னா அப்படித்தான்டா, சும்மா ஜாலிக்கு" என்று ஒருவன் சொன்னான். ஜாலியை நான் குறை சொல்லவில்லை. சரியான கேள்வி கேட்டிருந்தால் ஜாலி இன்னும் கூடியிருக்கும் என்கிறேன்.

பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "வெதர்ஸ்பூன் யார்?" என்று கேட்டார்கள். சரியான விடையாக அவர்கள் வைத்திருந்தது: "நிறுவனர் டிம் மார்ட்டினைப் பார்த்து நீ உருப்படவே மாட்டாய் என்று சொன்ன ஆசிரியர்." சினிமாக் கதை மாதிரி இருக்கிறது இல்லையா? அதனால்தான் பரவியிருக்கிறது. மார்ட்டினே சொன்ன கதை வேறு. அவர் நியூஸிலாந்தில் படித்தபோது வகுப்பைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறிய ஓர் ஆசிரியரின் பெயர் அது. புதிதாக எடுத்த பப்பை இவராலும் கட்டுப்படுத்த முடியவில்லை, அந்தப் பொருத்தத்துக்காக வைத்தாராம். முன்னால் இருக்கும் ஜே.டி., 'தி ட்யூக்ஸ் ஆஃப் ஹசார்ட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் பாஸ் ஹாக் பாத்திரத்திடமிருந்து வந்தது. ஆக, ஜே.டி. வெதர்ஸ்பூன் என்று ஒரு மனிதர் இருந்ததே இல்லை. நான் இதைத்தான் எழுதினேன், தப்பு என்று அடித்துவிட்டார்கள். (போன மூன்று மார்க்கில் ஒன்று இது. கடுப்பில் இதற்கும் பங்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.) நூறு வருடப் பாரம்பரியம் போலத் தொனிக்கும் பெயரை, ஒரு பள்ளி வாத்தியாரையும் ஒரு டிவி வில்லனையும் ஒட்டிச் செய்திருக்கிறார்கள். கேட்க வேண்டியது அதைத்தானே? பழசு மாதிரி தெரிவது வியாபாரத்துக்கு ஏன் உதவுகிறது?

அடுத்தது ஆர்வெல். பல கிளைகளுக்கு 'தி மூன் அண்டர் வாட்டர்' என்று பெயர். எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ஈவினிங் ஸ்டாண்டர்டில் எழுதிய கட்டுரை. எல்லாருக்கும் மார்க். கட்டுரையில் என்ன இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆர்வெல் தனக்குப் பிடித்த பப்பை அங்குலம் அங்குலமாக வர்ணித்துவிட்டு, கடைசியில் அப்படி ஒரு பப் கிடையாது என்று போட்டு உடைப்பார். அவர் கேட்டதில் சில இங்கே கிடைக்கின்றன, நியாயமாகச் சொல்ல வேண்டும். ரேடியோ வேண்டாம், பியானோ வேண்டாம், பேச முடிகிற அமைதி வேண்டும் என்றார். வாத்திய விஷயத்தில் வெதர்ஸ்பூன் பாஸ். ஆனால் பரிமாறுகிற பெண்களுக்குப் பெரும்பாலான வாடிக்கையாளர்களின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் அவர் பட்டியலில் உண்டு. 2017-லிருந்து இங்கே கைப்பேசிச் செயலியில் மேசை எண்ணைத் தட்டினால் போதும், பீர் வந்துவிடும். பெயர் என்ன, முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க வேண்டாம். ஆர்வெலின் தலைப்பைப் பலகையில் மாட்டிவிட்டு மேசை எண்ணில் வியாபாரம் செய்வது நல்ல நகைச்சுவை. இதில் ஒரு கேள்வி தேறாதா?

இப்போது கட்டடங்கள். என் கோபத்தில் முக்கால்வாசி இங்கேதான்.

டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் ஓபரா ஹவுஸ் என்றே பெயருள்ள கிளை. 1902-ல் ஓபரா அரங்கமாகத் திறந்தது. பிறகு சினிமாக் கொட்டகை ஆனது, பிறகு பிங்கோ ஆடும் கூடம் ஆனது, பிறகு பப். விட்ஸ்டபிளில் நடிகர் பீட்டர் குஷிங் பெயரில் இருக்கும் பப்பும் அதே பாதைதான்: சினிமா, பிங்கோ, பீர். லண்டனின் கிராஸ் கீஸ், ஹாங்காங் ஷாங்காய் வங்கி இருந்த மாளிகை. கிளாஸ்கோ ஜார்ஜ் சதுக்கத்தில் இருக்கும் கவுன்டிங் ஹவுஸும் பழைய வங்கிதான். ஃபோக்ஸ்டோனில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயமே பப்பாக மாறியது. மதுவிலக்குக்குப் பேர்போன சபைகளில் ஒன்று அது! ராம்ஸ்கேட் கடற்கரையில் 1903-ல் கட்டிய ராயல் விக்டோரியா பெவிலியன், பல வேஷம் போட்டு, கடைசியில் சூதாட்ட விடுதியாக இருந்து, 2008-ல் மூடிக் கிடந்தது. 2017-ல் வெதர்ஸ்பூனின் மிகப் பெரிய கிளையாகத் திறந்தது.

க்விஸ்ஸில் இவையெல்லாம் "பொருத்துக" வகை. இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் பழைய கட்டடம். கோடு போடு, மார்க் வாங்கு.

கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். ஓர் ஊரில் சினிமாக் கொட்டகை, இன்னோர் ஊரில் வங்கி, வேறோர் ஊரில் தேவாலயம். ஏன் இத்தனை பெரிய கட்டடங்கள், அதுவும் கடைவீதியின் நடுவில், காலியாகி வரிசையாக ஒரே கம்பெனியிடம் போயின? 1946-ல் பிரிட்டனில் விற்ற சினிமா டிக்கெட் சுமார் 163 கோடி. 1984-ல் அது 5.4 கோடி அளவுக்கு விழுந்தது. முப்பதில் ஒரு பங்கு! நடுவில் வீட்டுக்கு வீடு டிவி வந்தது. 1960-ல் வந்த சூதாட்டச் சட்டம் வணிக பிங்கோவுக்கு வழிவிட்டது, காலிக் கொட்டகைகள் பிங்கோ கூடம் ஆயின. அதற்கும் கூட்டம் குறைந்தபோது பப்காரர் வந்தார். ஓபரா ஹவுஸின் நாலு அவதாரமும் தனித் தனித் துணுக்கு இல்லை. ஒரு நாடு சாயங்கால வேளையை எங்கே கழித்தது என்பதன் நூறு வருடக் கணக்கு. வங்கி விஷயத்தில் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2015 தொடக்கத்திலிருந்து பிரிட்டனில் 6,000-க்கும் மேற்பட்ட வங்கிக் கிளைகள் மூடப்பட்டுவிட்டன. இதில் எத்தனை தூண்கள் வைத்த மாளிகைகளோ, எத்தனை பேர் கண் வைத்திருக்கிறார்களோ!

1989 என்ற வருடம் க்விஸ்ஸில் வரவே இல்லை. பிரிட்டிஷ் பப் வரலாற்றில் அதைவிட முக்கியமான வருடம் அதிகம் கிடையாது. அதுவரை பெரிய பீர் ஆலைகள் ஆயிரக்கணக்கான பப்களைச் சொந்தமாக வைத்திருந்தன. அங்கே அந்த ஆலையின் சரக்கைத்தான் விற்க வேண்டும். இது போட்டியைக் கொல்கிறது என்று அரசு ஓர் ஆணை போட்டது: 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் ஆலை, உபரியில் பாதியை அந்தக் கட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ஆலைகள் என்ன செய்தன? பப்களைக் கொத்துக் கொத்தாக விற்றன. வாங்கியவை பீர் காய்ச்சாத புதுக் கம்பெனிகள். காய்ச்சாதவர்களுக்கு உச்சவரம்பு இல்லையே! அவர்கள் பப் நடத்துகிறவர்களை வேறு விதத்தில் கட்டிப்போட்டார்கள். சிறு பப்காரர் வாடகையும் கொடுத்து, சொன்ன இடத்தில் சொன்ன விலைக்குச் சரக்கும் எடுக்க வேண்டியதாயிற்று. வெதர்ஸ்பூன் இந்த வலையில் இல்லை. எந்த ஆலையிடமும் மொத்தமாகப் பேரம் பேசலாம், தன் கிளைகளைத் தானே நடத்தலாம். எதிர்வீட்டு பப்பைவிட விலை ஏன் குறைவு என்பதற்குப் பாதி விடை இங்கே இருக்கிறது. இதைக் கேட்காமல் கார்பெட்டுக்கு இரண்டு கேள்வி!

மனிதர்களைப் பற்றி? நிறுவனரைப் பற்றி மட்டும் நாலு கேள்வி. பிரெக்ஸிட்டுக்கு ஆதரவாக பீர் கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகளில் பிரச்சாரம் அச்சடித்தது, 2024 புத்தாண்டுப் பட்டியலில் 'சர்' பட்டம். கோப்பை கழுவுகிறவர்களைப் பற்றி ஒன்றுகூட இல்லை. 2018 அக்டோபர் 4-ம் தேதி பிரைட்டனில் இரண்டு கிளைகளின் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மணிக்கு 10 பவுண்டு கூலி, தொழிற்சங்க அங்கீகாரம் கேட்டார்கள். கிளைகளைப் பற்றிய க்விஸ் என்றால் அந்த இரண்டு கிளைகளின் பெயரையும் கேட்டிருக்கலாமே: பிரைட் ஹெல்ம், போஸ்ட் அண்ட் டெலிகிராஃப். 2020 மார்ச்சில் அரசு பப்களை மூடச் சொன்னபோது 43,000 ஊழியர்கள், அரசுப் பணம் வரும்வரை சம்பளம் தாமதமாகலாம் என்ற செய்தியை ஒரு வீடியோவில் கேட்டார்கள். டெஸ்கோ வேலைக்குப் போக விரும்பினால் புரிந்துகொள்வேன், திரும்பி வந்தால் முன்னுரிமை உண்டு என்பது மார்ட்டின் சொன்னது. "டெஸ்கோவுக்குப் போங்கள் என்று விரட்டினார்" என்பது பரவிய வடிவம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே ஒரு அருமையான கேள்வி செய்யலாம். அவருக்கும் அது நியாயமாக இருந்திருக்கும்.

இவ்வளவு எழுதிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் பின்னூட்டத்தில் பிய்த்துவிடுவீர்கள். இவர்கள் வாங்காமல் இருந்தால் அந்த ஓபரா அரங்கம் என்ன ஆகியிருக்கும்? உட்கூரையின் பூவேலைப்பாடு இன்றும் தெரிகிறது, வருடத்துக்கு ஒருமுறை உண்மையான ஓபராவும் அங்கே நடத்துகிறார்கள். ஊழியர்களுக்கு போனஸும் இலவசப் பங்குகளும் கொடுக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட் உணவுக்கு வாட் வரி இல்லை, பப் சாப்பாட்டுக்கு 20 சதவீதம் என்று மார்ட்டின் வருடக்கணக்காகக் கத்துவதிலும் பொருள் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு காபி வாங்கிவிட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பாத இடம் அது. நானே உட்கார்ந்து பாடம் எழுதியிருக்கிறேன். ஒரு கடைவீதியில் காசில்லாத கிழவரும் மாணவனும் கதகதப்பாக உட்கார ஏன் ஒரு பப்பை நம்பி இருக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதும் தோன்றியது. க்விஸ்ஸில் அதற்கு இடமில்லை என்பீர்கள். ஏன் இல்லை?

அடுத்த மாதம் கேள்வி தயாரிக்கும் முறை எனக்கு வருகிறது. முதல் கேள்வி ரெடி: "163 கோடி எப்படி 5 கோடி ஆனது? உங்கள் பதிலில் ஒரு பிங்கோ கூடமும் ஒரு பப்பும் வர வேண்டும்." மார்க் எப்படிப் போடுவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. யாருக்காவது யோசனை இருந்தால் சொல்லுங்கள். அந்த வாத்தியார் கேள்விக்கான என் ஒரு மார்க்கையும் யாராவது திருத்திப் போட்டால் புண்ணியமாய்ப் போகும், பதினெட்டு ஆகிவிடும்.