கப்பல் நிற்கும் எட்டு மணி நேரம்

வெம்பக்கோட்டையில் இருந்துகொண்டு உல்லாசக் கப்பலைப் பற்றிப் பேச வேண்டுமா என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆனால் நமக்கும் கடலுக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. விசயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில், 2022 மார்ச் முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் சங்கு வளையல்கள் ஏராளமாகக் கிடைத்தன. சங்கு கடலில்தான் விளையும். நம் முன்னோர் கடற்கரையோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று.

இன்று அந்த உறவு வேறு வடிவில் வருகிறது. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் பயணம் தொடங்கப்பட்டது. 2023 ஜூன் 5 அன்று ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய மூன்று துறைமுகங்கள் அதன் பயணத் திட்டத்தில் இருந்தன. 2024 செப்டம்பர் 30 அன்று நடுவண் அரசு ‘குரூஸ் பாரத்’ என்ற திட்டத்தையே அறிவித்தது. வெளிநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்து இத்தாலியின் துறைமுக நகரங்களைக் கப்பலில் சுற்றிக் காட்டுவதும் நடக்கிறது. உரோமை நகரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நம்மில் யாருக்குத்தான் இல்லை?

இப்படிப் போகிறவர்கள் முன் ஒரு கேள்வி நிற்கிறது. கப்பல் ஓர் ஊரில் எட்டு அல்லது பத்து மணி நேரம் நிற்கும். அந்த நேரத்தில் கப்பல் நிறுவனத்தின் பேருந்தில் ஏறி, கொடி பிடித்தவர் பின்னால் போவதா? அல்லது நாமே இறங்கி, நடந்தும் ரயிலேறியும் ஊரைப் பார்ப்பதா? பணக்கணக்குபோலத் தோன்றும் இந்தக் கேள்விக்குள், நாம் அந்த ஊருக்கு விருந்தாளிகளாகப் போகிறோமா, வெறும் கூட்டமாகப் போகிறோமா என்ற பெரிய கேள்வி அடங்கியிருக்கிறது.

பவுலடியார் இறங்கிய துறைமுகங்கள்

இத்தாலியத் துறைமுகங்களில் கப்பல் நிறுத்தி இறங்கியவர்களில் நமக்கு மிகவும் தெரிந்தவர் பவுலடியார். அவர் சுற்றுலாப் பயணி அல்லர். சீசரிடம் முறையிட்ட கைதி. திருத்தூதர் பணிகள் நூலின் கடைசி இரண்டு அதிகாரங்களையும் ஒரு பயணக் குறிப்பாக வாசித்துப் பாருங்கள். கப்பல் சீதோனில் நின்றபோது, நூற்றுவர் தலைவர் யூலியு, பவுல் தம் நண்பர்களிடம் போய் வர அனுமதி தந்தார் (27:3). மால்டாவிலிருந்து புறப்பட்ட பின் சிரக்கூசு நகரில் மூன்று நாள். பிறகு இரேகியு. அடுத்து புத்தயோலி. அங்கே சகோதரர்களைக் கண்டு, அவர்கள் வேண்டிக்கொண்டபடி ஏழு நாள் தங்கினார் (28:12-14).

அந்தப் புத்தயோலிதான் இன்றைய பொட்சுவோலி. நேப்பிள்ஸ் நகரை அடுத்து இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்த சரக்குகள் பல அக்காலத்தில் அங்குதான் இறங்கின. கட்டடங்கள், கோயில்கள், சந்தைகள் எல்லாம் நிறைந்த ஊர். ஆனால் லூக்கா அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. யாரைச் சந்தித்தார்கள், எத்தனை நாள் தங்கினார்கள் என்பதைத்தான் எழுதுகிறார். கப்பல் நின்ற நேரம் மனிதரைச் சந்திக்கும் நேரமாக இருந்தது. நம் பயணங்களுக்கு இதைவிட நல்ல அளவுகோல் எது?

எட்டு மணி நேரத்தின் கணக்கு

சந்திப்பு நடக்க வேண்டுமானால் முதலில் நேரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். உரோமை நகருக்கான கப்பல் துறைமுகம் உரோமையில் இல்லை. அது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி, சிவித்தாவெக்கியா என்ற ஊரில் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டில் மட்டும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட கப்பல் பயணிகள் அந்தச் சிற்றூரைக் கடந்து சென்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த ஊரின் பெயரைக்கூட நினைவில் வைத்திருக்கமாட்டார்கள்.

அங்கிருந்து ரயிலில் உரோமைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடைசி நிலையம் வரை போக வேண்டியதில்லை. சாதாரண ரயில்கள் ‘சான் பியத்ரோ’ நிலையத்தில் நிற்கும். இறங்கி நடந்தால் தூய பேதுரு பேராலயம். கப்பலிலிருந்து வெளியே வந்து ரயில் நிலையம் சேர ஒரு மணி நேரம், ரயிலில் போக வர இரண்டு மணி நேரம், பேராலயத்துச் சோதனை வரிசையில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், கடைசியில் எதிர்பாராத் தாமதத்துக்கென்று ஒன்றரை மணி நேரம். எட்டு மணி நேரத்தில் மிஞ்சுவது இரண்டரை மணி நேரம்தான். அதற்குள் கொலோசேயமும் வேண்டும், வத்திக்கான் அருங்காட்சியகமும் வேண்டும் என்றால் எதையுமே பார்க்க முடியாது. ஒரே ஒரு பேராலயத்தில் அரைமணி நேரம் முழங்காலில் இருந்துவிட்டு, அருகில் ஒரு சிறு கடையில் சாப்பிட்டுத் திரும்பினால் அது நிறைவான நாள்.

எல்லாத் துறைமுகமும் இப்படித் தொலைவில் இல்லை. நேப்பிள்ஸில் கப்பல் நகரின் நடுவிலேயே நிற்கும். தூய ஜெனாரோ மறைமாவட்டப் பேராலயத்துக்கு நடந்தே போகலாம். அங்கிருந்து ரயிலில் நாற்பது நிமிடத்தில் பொம்பெயி: கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரமும், அதன் அருகிலேயே செபமாலை அன்னை திருத்தலமும். அத்திருத்தலத்தை எழுப்பிய பொதுநிலையினர் பர்த்தோலோ லோங்கோ 2025 அக்டோபர் 19 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். பாரி நகரில், 1087-இல் கொண்டுவரப்பட்ட தூய நிக்கோலாவின் திருப்பண்டங்கள் உள்ள பேராலயம் துறைமுகத்தை அடுத்த பழைய ஊருக்குள்ளேயே உள்ளது. லிவோர்னோவில் இறங்கினால் பீசா பக்கம். பிளாரன்ஸ் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். இரண்டையும் ஒரே நாளில் பிடிக்க ஓடுவதைவிட ஒன்றை அமைதியாகப் பார்ப்பது நல்லது.

தனியாகப் போவதில் ஆபத்தும் உண்டு. கப்பல் நிறுவனத்தின் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போய்ச் சேர வேண்டும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அபூர்வம் அல்ல; முந்தின நாளே விசாரித்துக்கொள்ள வேண்டும். காகித ரயில் டிக்கெட்டை, ஏறும் முன் நிலையத்தில் உள்ள இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும், மறந்தால் அபராதம். கூட்டமான ரயில்களில் பைகளைக் கவனிக்க வேண்டும். கப்பல் இடையில் துனிசியா, துருக்கி போன்ற நாடுகளுக்குப் போய்த் திரும்புமானால், இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குப் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா தேவை. ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். நம் மக்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

மூட்டுவலி உள்ள பெற்றோர், சிறு குழந்தைகள் இருந்தால் கப்பல் நிறுவனத்தின் பேருந்தே நல்லது. அதில் குறைவு ஒன்றுமில்லை.

வெனிஸ் சொல்லும் பாடம்

அப்படியானால் தனியாக நடப்பது ஏன் மேலானது? காரணம் பணத்தில் தொடங்குகிறது. பெரிய கப்பல் ஒன்றில் 5,000 பேருக்கு மேல் வருகிறார்கள். காலை உணவு கப்பலில். இரவு உணவு கப்பலில். படுக்கை கப்பலில். பேருந்துக் கட்டணத்தின் ஒரு பங்கும் கப்பல் நிறுவனத்துக்கே. ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும்தான். இறங்கி நடப்பவரோ உள்ளூர் ரயிலுக்கு, உள்ளூர் உணவகத்துக்கு, தெருமுனைக் கடைக்குக் காசு கொடுக்கிறார். கூடவே ஒரு வணக்கமும் சொல்கிறார்.

ஆனால் நடப்பவர்களும் அளவுக்கு மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை வெனிஸ் காட்டியிருக்கிறது. 1950-களில் அதன் பழைய நகரில் ஒன்றே முக்கால் இலட்சம் பேர் வாழ்ந்தார்கள். இன்று 50,000-க்கும் குறைவு. வீடுகள் விடுதிகளாயின. 2021 ஆகஸ்ட் 1 முதல், 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் தூய மாற்கு வளாகத்தின் முன்னே செல்லக் கூடாது என்று இத்தாலிய அரசு தடை விதித்தது. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாள்களில் பகலில் வந்து போகும் பயணிகளிடம் நகராட்சி 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. 2025-இல், கடைசி நேரத்தில் பதிவு செய்பவருக்கு அது 10 யூரோ ஆனது. விருந்தாளியிடம் வாசலில் காசு கேட்க எந்த வீட்டுக்காரருக்கும் விருப்பம் இராது. விருந்தாளி கூட்டமாக மாறியதால் வந்த வினை அது.

இறங்க முடியாதவர்கள்

நாம் இறங்கும்போது இறங்காதவர்களும் அந்தக் கப்பலில் இருக்கிறார்கள். சமையல் கூடத்தில், துணி வெளுக்கும் அறையில், எஞ்சின் தளத்தில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் இந்தியர்களும் பிலிப்பைன்ஸ் நாட்டவரும் ஏராளம். 2012 ஜனவரி 13 இரவு, சிவித்தாவெக்கியாவிலிருந்து புறப்பட்ட ‘கோஸ்தா கொன்கோர்தியா’ கப்பல் ஜில்யோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்தது. இறந்த 32 பேரில் இந்தியப் பணியாளர் ஒருவரும் உண்டு. அவரது உடல் எச்சங்கள் 2014 நவம்பரில்தான் கிடைத்தன.

கரையில் இறங்கி இளைப்பாறுவது மாலுமிகளின் உரிமை என்று 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. இந்தியா அதை 2015-இல் ஏற்றது. இருந்தும் வேலை நேரத்தின் சுமையால் பலருக்கு அந்த எட்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூடக் கிடைப்பது அரிது. இவர்களுக்காகவே 1920-இல் கிளாஸ்கோவில் தொடங்கி உலகெங்கும் பரவிய கத்தோலிக்க அமைப்பு ‘ஸ்டெல்லா மாரிஸ்’. ஜூலை இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறு. நம் அறையைத் துடைப்பவரின் பெயரைக் கேட்டு அழைப்பது, கரைக்குப் போக முடிந்ததா என்று விசாரிப்பது, இதுவும் பயணத்தின் ஒரு சந்திப்பே.

நம் ஊரும் ஒரு துறைமுகம்தான்

இதெல்லாம் எங்கோ இத்தாலியில் நடப்பது என்று விட்டுவிட வேண்டாம். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் சாத்தூர், சிவகாசிச் சாலைகளில் வெளியூர் கார்கள் வரிசையாக நிற்பதை நாம் காண்கிறோம். பட்டாசுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அன்றே திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சரவெடியைப் பின்னிய கை எது, மருந்து செலுத்திய கை எது என்று கேட்பவர் எத்தனை பேர்? 2024 பிப்ரவரி 17 அன்று நம் வெம்பக்கோட்டை வட்டாரத்து ஆலை ஒன்றில் நடந்த வெடிவிபத்தில் 10 பேர் இறந்தார்கள். வாங்க வந்தவர்களுக்கு அது ஒரு நாள் செய்தி. நமக்கோ ஒவ்வொரு பெயரும் ஒரு வீடு. பார்க்கப்படாமல் கடந்து போகப்படுவது எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் இன்னோர் ஊரை எப்படிப் பார்ப்பது என்பதையும் நாம் நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

காங்கேசன்துறையை எண்ணிப் பாருங்கள். போரின்போது 1990-இல் அந்தப் பகுதி மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். அவர்கள் நிலம் பல ஆண்டுகள் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. அங்கே இறங்கும் தமிழ்நாட்டுப் பயணி, கீரிமலைக் கேணியையும் யாழ்ப்பாண நூலகத்தையும் படம் பிடித்துத் திரும்பலாம். அல்லது ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, “நீங்கள் எப்போது ஊர் திரும்பினீர்கள்?” என்று கேட்கலாம். இத்தாலியில் நமக்கு மொழி தெரியாது என்று சாக்குச் சொல்லலாம். அங்கே அந்தச் சாக்கும் இல்லை.

அன்புக்குரியவர்களே, கப்பலில் போக நம்மில் பலருக்கு வசதி இராது. ஆனால் வேளாங்கண்ணிக்கோ, கடற்கரை ஊர்த் திருவிழாவுக்கோ வேன் வைத்துப் போகிறோம். அங்கேயும் சில மணி நேரம்தான் நிற்கிறோம். இந்த ஆண்டு போகும்போது மூன்று காரியங்களை முயன்று பார்ப்போம். பார்க்க வேண்டியவற்றில் பாதியைக் குறைத்துக்கொள்வோம். அந்த ஊர்க்காரர் நடத்தும் கடையில் ஒரு வேளையாவது சாப்பிடுவோம். அங்கு வாழும் ஒருவரிடமாவது அவருடைய பிழைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதைக் கேட்டு முடித்த பிறகு வண்டி ஏறுவோம்.