கொதிக்க வைத்தால் சரியாகிவிடுமா?

ஓட்டல் சமையற்கட்டில் ஓடும் கரப்பானைக் காட்டினால் வரும் பதில் இது: "கொதிக்கிற சூட்டுல எந்தக் கிருமி நிக்கும்? மாசம் ஒரு தடவை மருந்தும் அடிக்கிறோமே." சூடு பெரும்பாலான கிருமிகளைக் கொல்லும், உண்மை. அதற்கு மேல் இந்த வாதம் ஓடாது.

ஒன்று. தேங்காய்ச் சட்னியை யார் கொதிக்க வைக்கிறார்கள்? வெங்காயப் பச்சடியை? கழுவிக் கவிழ்த்த தட்டை? சாக்கடையில் நனைந்த காலோடு கரப்பான் இரவில் உலவுவது இவற்றின் மேல்தான்.

இரண்டு. கிருமி செத்தாலும் அது கக்கிய நஞ்சு எல்லாம் அழிவதில்லை. ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற கிருமி விட்டுச்செல்லும் நஞ்சு கொதிநிலையையும் தாங்கும். பேசில்லஸ் சீரியஸ் என்ற இன்னொரு கிருமியின் வித்துகள் உலையிலும் பிழைத்து, ஆறிய சோற்றில் முளைக்கும். மதியச் சோறு ராத்திரி ஃப்ரைடு ரைஸாகும் கடைகளுக்கு இது தெரியுமா?

மூன்று, அந்த மாதாந்திர மருந்து. ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30, 40 முட்டைகள். தெளிக்கும் மருந்து அந்தக் கூட்டுக்குள் எளிதில் இறங்காது. பெரியவை சாகும், பிறகு குஞ்சுகள் வரும். சுவர் விரிசலை அடைத்தீர்களா? கிரைண்டருக்கு அடியில் வழிந்த மாவைத் துடைத்தீர்களா? குப்பைத் தொட்டிக்கு மூடி உண்டா? பாத்திரங்களை மூடாமல் மருந்தடிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் சட்னியில் சேர்ப்பது இன்னொரு நஞ்சு.

பூச்சிக் கட்டுப்பாடு முதலாளியின் பெருந்தன்மை அல்ல. 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிமுறைகளில், நான்காம் அட்டவணையில், அது உரிமத்தின் நிபந்தனை.